அந்தரத்தில் நின்றவன்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் படம் எடுக்கும் ஸ்ரூடியோ வைத்திருந்த எனக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒருவன் ஆகாயத்தில் வருகிறவன். அவன் ஒரு நாள் காலையில் வந்து துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வருவான், வருவான் என்று பயந்துகொண்டிருந்தோமே தவிர அவன் வரவில்லை. மற்றவர் ஒவ்வொரு மாலையும் வந்தார். அவர் எங்கள் பகுதி இளைஞர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். இந்த இரண்டு பேரில் யாரை அதிகம் வெறுத்தாய் என்று கேட்டால் நான் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

பகலில் அவர் கப்பல் திருத்தும் டொக்யாட்டின் கந்தோரில் கிளாக்கர். கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டையும், சட்டைப் பையில் இரண்டு பேனையுமாகத் திரிவார். இரண்டாவது பேனை எதற்கு என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டொக்யாட் வேலைத்தளத்துக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் வெள்ளைக்கார அதிகாரிக்கு விளையாட்டென்றால் பைத்தியம். கழகத்தில் நன்றாக விளையாடும் ஒருவனைப் பயிற்சிக்கு எடுப்பதாக அவர் சொல்லியிருந்தார். யார் நன்றாக விளையாடுகிறான் என்று அவருக்குச் சொல்லும் பொறுப்பு செயலாளருடையது. செயலாளருடைய தமக்கையின் மகனும் அங்கே விளையாடினான். மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

உண்மையில் நன்றாக விளையாடியவன் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெடியன். கரைவலை இழுக்கிற குடும்பம். யுத்தம் தொடங்கியபின் கடலில் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். வலை கரையில் கிடந்து காய்ந்தது. தகப்பன் கந்தளாய்க்கு வயல் கூலிக்குப் போய்விட்டான். தாயும் இரண்டு தங்கைமாரும் வீட்டில் இருந்தார்கள். இவன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்து, ஓய்ந்த நேரத்தில் கழகத்துப் பெடியன்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன். ஒரு நாள் ஆள் குறைந்தபோது மட்டையைக் கையில் கொடுத்தார்கள். பிறகு அதை அவனிடமிருந்து வாங்க ஒருவராலும் முடியவில்லை. டொக்யாட் வேலை கிடைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். கிடைக்காவிட்டால் மூட்டைதான். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

விளையாட்டு நடந்த இடம் ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கி. அரிசியே இல்லாத காலத்தில் கிட்டங்கி எதற்கு? அதைக் கழகத்துக்கு விட்டுவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்பது சட்டம். அதனால் யன்னல்களுக்கு எல்லாம் தகரம் அடித்து, இடுக்குகளில் கறுப்புக் கடதாசி ஒட்டி, மூன்றே மூன்று மின்குமிழ்களுக்குக் கறுப்புக் கூம்பு மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே பழைய சாக்கு மணமும் வியர்வையும். அந்த வெளிச்சத்தில் பாம்பையும் கயிற்றையும் பிரித்தறிய ஏலாது. அதற்குள் பெடியன்கள் பட்மின்ரன் ஆடினார்கள். இறகுப்பந்தும் கடையில் கிடையாது. கோழியிறகைப் பழைய தக்கையில் செருகி அவர்களே செய்துகொண்டார்கள்.

அங்கே என்னைப் படம் எடுக்கச் சொன்னவர் செயலாளர். கழகம் எப்படி நடக்கிறது என்று அதிகாரிக்குக் காட்ட வேண்டுமாம். எனக்கும் வேலை தேவை. வெளியே கமராவைத் தூக்கினால் பொலிஸ் வரும். கடல் பக்கம் திருப்பினால் பட்டாளமே வரும். கல்யாண வீடுகளும் இல்லை, குண்டு விழுந்தபின் ஓடியவர்களில் பாதிப்பேர் திரும்பவேயில்லை. சரி என்று ஒப்புக்கொண்டேன். வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி கொளுத்தலாமா என்று கேட்டதற்கு, இரவில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துத் திரியும் விளக்குக் காவல்காரன் என்னை உளவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கூரை ஓட்டு இடுக்கால் அந்த வெளிச்சம் ஆகாயத்துக்குத் தெரிந்தால் என் கழுத்தைத் திருகிவிடுவதாகச் சொன்னான். சொன்னதைச் செய்யக்கூடியவன்தான்.

ஆக, தொங்குகிற மூன்று குமிழ்களும் என் கமராவும்தான். லென்சை முழுதாகத் திறந்து வைத்தாலும், அந்த வெளிச்சத்தில் எட்டில் ஒரு செக்கனுக்குக் குறைந்தால் படம் பதியும் பிளேட்டில் ஒன்றும் விழாது. எட்டில் ஒரு செக்கன் என்றால் ஓடுகிறவனுக்கு நீண்ட நேரம். அவன் படத்தில் கரைந்து போவான். முதல் சில மாலைகளில் எனக்குக் கிடைத்தது புகைதான். இருட்டறையில் நின்று பிளேட்டைப் பார்த்துப் பார்த்துத் திட்டினேன். பிறகு கமராவை மூடிவைத்துவிட்டு சுவரோரம் கிடந்த வாங்கில் உட்கார்ந்து வெறும் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. எவ்வளவு துள்ளுகிறவனும் ஓர் இடத்தில் நிற்கிறான். மேலே எழும்பியவன் கீழே விழத் தொடங்குமுன் ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே இருக்கிறான். அந்த இடத்தைப் பிடித்தால் இந்த இருட்டிலும் ஆளைப் பிடிக்கலாம்.

மற்றப் பெடியன்களிடம் அந்தக் கணம் கண்ணில் படாமலே போய்விடும். சல்லிப் பெடியனிடம் அது நன்றாகத் தெரிந்தது. அவன் அவசரப்படுவதில்லை. எழும்பி, மட்டையை ஓங்கி, பந்து தன்னிடம் வரட்டும் என்று காத்திருந்து அடிப்பான். அவனை வென்றவர்கள் குறைவு என்றால் அதற்குக் காரணம் அந்தக் காத்திருப்புத்தான்.

கடைத்தெரு வியாபாரிகளின் பிள்ளைகள் ஒரு கழகம் வைத்திருந்தார்கள். அவர்களோடு போட்டி நடந்த மாலையில் அந்தப் படம் எனக்குக் கிடைத்தது. முன்வரிசையில் சனம் நிலத்தில் குந்தியிருந்தது. எதிர்ப் பக்கத்தவன் ஓடியதால் சாம்பல் நிறக் கோடாகத் தெரிந்தான். பந்து வேகத்தில் மறைந்துபோனது. நடுவில் சல்லிப் பெடியன் மட்டும் தெளிவாக இருந்தான். கை மேலே, முகம் மேலே, கழுத்து நரம்பு, நெற்றி வியர்வை, எல்லாம் தெரிந்தன. இந்தக் கிட்டங்கிக்குள் அப்படி ஒரு படத்தை எடுக்க இலங்கையில் வேறு ஒருவனாலும் முடியாது என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பெரிதாக்கி, ஸ்ரூடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன்.

அந்தப் போட்டியில் சல்லிப் பெடியனும் தோற்று, எங்கள் கழகமும் தோற்றிருந்தது. தோற்றவர்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. இரண்டு நாட்களில் அதை என் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தைப் பார்க்க வந்த சனம் வியக்கும் என்று நான் வாசலில் போய் நின்றால், அவர்கள் வேறு கதை கதைத்தார்கள். எதிரி ஓடுகிறான், இவன் நிற்கிறான். பந்தே இல்லை, இவன் வாத்தியாரிடம் வெளியே போக அனுமதி கேட்கிறவன்போலக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் நிலத்தில் நிற்கவில்லை, துள்ளியிருக்கிறான் என்பது படத்தில் தெரியவில்லை. குந்தியிருந்தவர்களின் தலைகள் அவனுடைய காலை மறைத்துவிட்டன. ஆட்டத்தை விட்டுக்கொடுத்திருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. கடைத்தெருக்காரர் அரிசி கொடுத்திருப்பார்கள் என்று அதற்குக் கையும் காலும் வைத்தார்கள்.

அது கடைசிப் புள்ளியுமில்லை. ஆட்டத்தின் நடுவில் எடுத்தது. அந்த அடியில் அவன் புள்ளி எடுத்தான். கிட்டங்கிக்குள் இருந்து கண்ணால் பார்த்தவர்களே இப்போது படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். என்ன சனம் இது என்று எனக்கு வாயெல்லாம் கசந்தது. படம் பொய் சொல்லாதாம். படத்தைக் கழுவுகிறவனைக் கேட்டால் தெரியும், அது என்னவெல்லாம் சொல்லும் என்று.

செயலாளர் ஒரு மாலை பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியாது.

“உம்மட படம் நல்லாத்தான் இருக்கு. ஆளை அப்படியே காட்டிக் குடுத்திட்டீர்.”

“அவன் துள்ளி நிக்கிறான். அந்தரத்தில நிக்கிறதுதான் படத்தில வந்திருக்கு” என்றேன்.

“விளையாடுறவன் படத்தில விளையாடுற மாதிரித்தான் வருவான். எனக்குக் கதை சொல்லாதையும்.”

அடுத்த நாளே அவனைக் கழகத்திலிருந்து நிறுத்திவிட்டார். அரிசிக்கு விலைபோனவனை எப்படி அதிகாரிக்குச் சிபாரிசு செய்வது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம். தமக்கையின் மகனுக்குப் புது மட்டை வந்தது.

பெடியனின் தாய் சல்லியிலிருந்து நடந்து வந்தாள். கருவாட்டுக் கடகத்தை வாசலில் இறக்கிவைத்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

“தம்பி, அந்தப் படத்தை எடுத்து விடுங்கோ.”

“ஏலாது அம்மா. இப்ப எடுத்தா, பிழை இருக்கெண்டுதான் எடுத்தவன் எண்டு சொல்லுவினம்.”

“அவை என்னவும் சொல்லட்டும். போற வாற சனமெல்லாம் பாத்துத் துப்பிப்போட்டுப் போகுது. என்ரை பிள்ளை சோத்துக்கு விலைபோனவன் எண்டு ஊரெல்லாம் கதை. அவன் அண்டைக்கு வீட்டை வந்தாப்பிறகு ஒரு நேரமும் சாப்பிடேல்லை.”

“படத்தில பிழையில்லை. பாக்கிறவையின்ரை கண்ணிலதான் பிழை.”

“உங்களுக்கு உங்கட படம் பெரிசு. எனக்கு என்ரை பிள்ளை பெரிசு” என்றாள். கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, ரோட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்க, “உந்தக் கண் அவிஞ்சு போக” என்று சொல்லிவிட்டுப் போனாள். படம் எடுக்கிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான சாபம் கிடையாது.  எனக்கு வந்தது பயமில்லை, கோபம். அவள்மேலும் கோபம், செயலாளர்மேலும் கோபம், வாசலில் நின்று வாய் பார்க்கிறவர்கள்மேலும் கோபம்.

அந்தக் கோபத்தோடு கமராவைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போனேன். மாலை, கழகத்தார் எல்லோரும் இருந்தார்கள். தலைவராக இருந்த புகையிலைக் கடை முதலாளியும் வாங்கில் இருந்தார்.

“விளையாடுறவன் விளையாடுற மாதிரித்தான் படத்தில வருவான் எண்டு சொன்னனீங்கள், என்ன?” என்று செயலாளரைக் கேட்டேன்.

“ஓம், சொன்னனான். அதில என்ன பிழை?”

“அப்ப நீங்கள் விளையாடுங்கோ. நான் எடுக்கிறன். அதே வெளிச்சம், அதே கமரா.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. படத்தில் வருவதென்றால் அவருக்கு உள்ளூர ஆசையுமிருந்தது. பேனைகளைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தார், காற்சட்டையை மடித்துவிட்டார், தலைமயிரைத் தடவிக்கொண்டார். பிறகு ஆடத் தொடங்கினார் பாருங்கள். நின்றுவிட்டால் படத்தில் நிற்கிறவனாகிவிடுவேன் என்ற பயத்தில் ஒரு கணம் காலை ஊன்றவில்லை. பந்து இந்தப் பக்கம் வந்தாலும் ஓடினார், அந்தப் பக்கம் வந்தாலும் ஓடினார், வராவிட்டாலும் ஓடினார். பெடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் என்னிடமிருந்த பிளேட்டுகளை எல்லாம் பொறுமையாக எடுத்தேன்.

கழுவிப் பார்த்தேன். கிட்டங்கி அச்சொட்டாக வந்திருந்தது. வலை வந்திருந்தது. வாங்கில் புகையிலைக் கடை முதலாளி கொட்டாவி விடுவது பல்லோடு வந்திருந்தது. செயலாளர் மட்டும் இல்லை. வலைக்குப் பின்னால், ஈர விறகு வைத்த அடுப்பிலிருந்து வருவதுபோல, கொஞ்சம் புகை இருந்தது.

அதைப் பெரிதாக்கி, சல்லிப் பெடியனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, “செயலாளர் அவர்கள் பட்மின்ரன் விளையாடும் காட்சி” என்று அழகான எழுத்தில் ஓர் அட்டையும் எழுதி வைத்தேன். கந்தோர்க்காரரெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் ஓர்ஸ் ஹில்லிலிருந்து இறங்கி வந்து பார்த்தார்கள். நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்கூட இறங்கியதும் முதலில் என் வாசலுக்குத்தான் வந்தார்கள். முதலாளி தன் கொட்டாவியைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் பெடியனை மறுபடி கழகத்தில் சேர்க்கச் சொன்னார். செயலாளர் வந்து தன் படத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கும்படி சொன்னார். ஏலாது என்று அந்தத் தாய்க்குச் சொன்ன அதே சொல்லை அவருக்கும் சொன்னேன்.

ஆனால் இருபது வருடம் கந்தோரில் இருந்தவர் அவ்வளவு இலகுவில் தோற்கமாட்டார். அடுத்த சனிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், சல்லிப் பெடியனும் தமக்கையின் மகனும் ஒருவரோடொருவர் ஆடட்டும், வென்றவனை அவரே எடுக்கட்டும் என்றார். நியாயம்போலத்தான் இருந்தது. அதோடு, அதிகாரி ஒரு நல்ல படம் கேட்கிறார் என்றும், டொக்யாட்டுக்குள் போகிற பாஸ் அட்டைக்கு ஆட்களைப் படம் எடுக்கும் வேலை அந்தப் படத்தைக் கொடுக்கிற ஸ்ரூடியோவுக்குத்தான் என்றும் எனக்குச் சொன்னார். எதிர்ச்சிறகில், ரோட்டுக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஸ்ரூடியோ இருந்ததை ஞாபகப்படுத்தவும் மறக்கவில்லை. பிறகு என்னை வைத்துக்கொண்டே பெடியனைக் கூப்பிட்டார்.

“தம்பி, கமரா அங்கதான் இருக்கும். இந்த முறையும் படத்தில நிண்டீர் எண்டா, பிறகு உம்மைப் பற்றி என்னோட ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை. விளங்கிச்சோ?”

பெடியன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது வெறுப்புத்தான், வேறொன்றுமில்லை.

சனிக்கிழமை கிட்டங்கி நிறைந்திருந்தது. அதிகாரிக்கு ஒரு நல்ல கதிரை போட்டிருந்தார்கள். நான் என் இடத்தில் கமராவை நிறுத்தினேன். ஆட்டம் தொடங்கியதும் எனக்கு ஏதோ பிழை என்று தெரிந்தது. பெடியன் எழும்புகிறான், எழும்பும்போது கண் என் லென்சின் பக்கம் போகிறது, காத்திருக்காமல் அடிக்கிறான். பந்து வலையில் விழுகிறது. திரும்பவும் எழும்புகிறான், திரும்பவும் அவசரம், திரும்பவும் வலை. நிற்கக்கூடாது என்று ஓடுகிறான். செயலாளர் ஆடிய அதே ஆட்டத்தை இப்போது இவன் ஆடினான். தமக்கையின் மகன் கெட்ட பெடியன் இல்லை, மாமனைப்போல இல்லை. அவனே வெட்கப்பட்டுக்கொண்டு வென்றான். முதல் ஆட்டம் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே பாய்ந்து பெடியனைப் பிடித்து உலுப்பலாம்போல இருந்தது. நில்லடா, நின்று அடி, உனக்கு இருக்கிறதே அது ஒன்றுதானே என்று கத்தலாம்போல இருந்தது. செயலாளர் அதிகாரியின் காதில் குனிந்து ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைவாயில் ஒரு சிரிப்பு.

இரண்டாவது ஆட்டம் தொடங்குமுன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லென்சுக்கு மூடி போட்டேன். கமராவின் துருத்தியை மடித்தேன். முக்காலியின் கால்களைச் சத்தம் கேட்கத் தட்டி மடித்தேன். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து, பட்டியை இழுத்துப் பூட்டி, பெட்டியின் மேல் ஏறி இருந்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். செயலாளர் அங்கிருந்து கையைக் காட்டினார், கண்ணைக் காட்டினார், எழும்பி நின்றும் காட்டினார். நான் பெடியனை மட்டும் பார்த்தேன். அவன் பெட்டியைப் பார்த்தான். என் வெறுங்கையைப் பார்த்தான்.

நாலைந்து பந்து வரையும் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு பந்து உயர வந்தது. எழும்பினான். கை மேலே போனது, முகம் மேலே போனது, அந்தரத்தில் நின்றான். நின்றான் என்றால் நின்றான்தான். குமிழின் வெளிச்சம் நேரே முகத்தில் விழுந்தது. முன்னால் ஒரு தலையுமில்லை, நிலத்துக்கும் அவன் பாதத்துக்கும் நடுவில் இருந்த வெளி முழுதும் எனக்குத் தெரிந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்திருக்கக்கூடிய மிக நல்ல படம் அதுதான். நான் கமராப் பெட்டியின் மேல் குந்திக்கொண்டிருந்தேன்.  பந்து மறுபக்கத்தில் விழுந்த சத்தம் கேட்டது.

அந்த ஆட்டத்தையும் அடுத்ததையும் அவன் வென்றான். அதிகாரி எழும்பி வந்து கைகொடுத்தார். திங்கட்கிழமை வேலைத்தளத்துக்கு வரச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிப் படத்தைக் கேட்டார். படம் எடுக்க வெளிச்சம் காணாது என்று சொன்னேன். செயலாளர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. அதிகாரியின் முகம் மாறியதிலிருந்து மிச்சத்தை ஊகித்துக்கொண்டேன்.

பாஸ் படம் எடுக்கும் வேலை எதிர்ச்சிறகு ஸ்ரூடியோவுக்குப் போனது. யுத்தம் முடியும்வரை டொக்யாட் ஆட்கள் முழுப்பேரும் அங்கேதான் வரிசையில் நின்றார்கள். நான் இந்தப் பக்கம் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சல்லிப் பெடியன் வந்தான். தோய்த்த சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என் வாசலில் வந்து நின்றான். உள்ளே வருவான் என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் பிறகு ஒரு சொல் சொல்வான் என்று நினைத்தேன். கதிரையைக்கூட ஒரு கையால் இழுத்துப் போட்டேன்.

“அண்ணை, அங்கால ஸ்ரூடியோ திறந்திட்டினமோ?” என்று கேட்டான். “பாஸுக்குப் படம் எடுக்க வேணும். அங்கதான் எடுக்க வேணுமாம்.”

இழுத்துப் போட்ட கதிரையைத் திரும்பச் சுவரோடு தள்ளிவைத்தேன்.

“ஓம், திறந்திட்டினம்” என்றேன். “போய் அசையாமல் இரும்.”

“ஓம் அண்ணை” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனான்.